மஞ்சள் கார்டு எண் 4417: மூன்று பல்லும் ஐந்து மாதமும் போன பிறகும் தீராத முக வலி தொடர்பான புகார்

கும்பகோணம்
13.02.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பல் மருத்துவமனை நிறுவனத்துக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முன்னால் மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே வாசகம், அனுப்பிய அதே நிமிடத்தில் வந்து விழுந்தது. அதனால்தான் இந்த முறை பதிவுத் தபால். ஒப்புகை அட்டையில் யாரோ ஒரு மனுஷர் கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

என் கோப்பைத் திறந்தால் எல்லாம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் கிளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான்.

போன செப்டம்பரில் இடது பக்கம் மேல் பல்லில் வலி ஆரம்பித்தது. கன்னம், காதோரம், நெற்றிப்பொட்டு வரை இழுத்தது. கடைத்தெருவில் உங்கள் பேனர்: "வேர் சிகிச்சை, தாடை வலி, முக வலி. அனைத்துக்கும் நிபுணர்கள் ஒரே கூரையின் கீழ்." நமக்கு ஏற்ற இடம் என்று 1,999 ரூபாய் கட்டி உங்கள் உறுப்பினர் அட்டையான மஞ்சள் கார்டு வாங்கினேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நாதஸ்வரம் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் "அதர்ஸ்" என்று ஏற்றினார். உங்கள் பில் ஒவ்வொன்றிலும் இன்றைக்கும் நான் "அதர்ஸ்"தான். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், பின்னால் வருகிறேன்.

முதலில் கடைவாய்க்கு முந்தின பல்லுக்கு வேர் சிகிச்சை. வலி அப்படியே இருந்தது. அடுத்து வேறொரு டாக்டர், பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. இரண்டுக்கும் கேப். வலி அப்படியே இருந்தது. மூன்றாவது டாக்டர் ஞானப்பல்தான் காரணம் என்று அதைப் பிடுங்கினார். பல் போனது, ஞானம் எனக்குத்தான் வந்தது. நான்காவது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றுமில்லை, இது நரம்பு வலி என்று கார்பமசிபின் மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க உட்கார்ந்தேன். தவுல்காரர் தீர்மானம் (தாளத்தை முடிக்கும் கோர்வை) வைத்து முடித்துவிட்டு என்னையே பார்க்கிறார், நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக வாசிக்கிறேன் ஐயா. அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் கால் சென்டர் தம்பி விஷயத்தைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். முடியவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் முதல் வாரம் உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். முக வலி நிபுணர் எந்தக் கிளையில் இருக்கிறார் என்று கேட்டேன். திருச்சி தில்லை நகர் கிளை, புதன்கிழமை காலை பத்தரை மணி, உறுதி என்றார். குறுஞ்செய்தியும் வந்தது, வைத்திருக்கிறேன். டிசம்பர் 11, புதன்கிழமை. கார்த்திகை மழை. கடைஞாயிறு தீர்த்தவாரிக்கு நாலே நாள். விடிகாலை நாலரை மணிக்குப் பஸ் ஏறி, தஞ்சாவூரில் மாறி, நனைந்த வேட்டியோடு உங்கள் வாசலில் போய் நின்றேன். ரிசப்ஷன் பெண் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அந்த டாக்டர் விசிட்டிங் சார், சனிக்கிழமை மட்டும்தான் வருவாங்க. அவங்களும் வாய்ப் புண்ணுதான் பார்ப்பாங்க" என்றார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. உட்காரச் சொல்லி, துடைத்துக்கொள்ள ஒரு டவல் கொடுத்தார். உங்கள் நிறுவனத்திலிருந்து எனக்குக் கிடைத்த உருப்படியான சேவை அந்த டவல்தான்.

அங்கிருந்தபடியே மறுபடி கூப்பிட்டேன். அதே தம்பி. பதினோரு நிமிடம் காத்திருப்பில் போட்டு, சுருதி சேராத ஒரு கீபோர்டு இசையைக் கேட்க வைத்தார். நொந்துபோய், "தம்பி, நான் நாயனம் வாசிக்கிறவன், வாய்தான் என் பிழைப்பு" என்றேன். அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்: "ஊதி ஊதி வந்த வலிக்கு நாங்க என்ன சார் பண்றது? கொஞ்ச நாள் ஊதாம இருந்து பாருங்க." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே முதலில் அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். 11.12.2024, காலை 11 மணி சுமாருக்கு.

வயதில் என் பையனைவிடச் சின்னவன் பேசிய பேச்சு அது. நான் பதிலுக்குப் பேசியதும் சரியில்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் பொங்கல் கழித்து, மயிலாடுதுறை வழியாக ரயிலேறிச் சிதம்பரம் போனேன். அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரி. இந்த யோசனை சொன்னது எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்காரர், நீங்கள் அல்ல. அங்கே வாய் மருத்துவத் துறையில் ஒரு டாக்டரம்மா, வாயைத் திற என்று சொல்வதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "என்ன தொழில் பண்றீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை எப்படிப் பிடிப்பேன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், காலையில் எழும்போது தாடை கனக்கிறதா, பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இரண்டு விரலால் கன்னத்துச் சதையை அழுத்தினார். கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது. பல்லைத் தொடவே இல்லை! கடிக்கிற தசை இறுகிப்போனால் அதன் வலி மேல் பல்லில் தெரியும், பல் வலி என்றே தோன்றும் என்றார். நரம்பு வலி என்றால் கரண்ட் அடித்த மாதிரி சில நொடி அடித்துவிட்டு நிற்கும், முகம் கழுவினாலும் காற்றுப் பட்டாலும் கிளம்பும். என்னுடையது நாள் முழுக்கக் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது, அது நரம்பு வலி இல்லை என்று மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்.

பிறகு வேர் சிகிச்சைத் துறைக்கு அனுப்பினார். அங்கே கோணத்தை மாற்றி இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல் கடைவாய் முதல் பல்லுக்கு வேர் மூன்று. ஆனால் முன்பக்க வேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நரம்பு ஓடும் கால்வாய் இரண்டு இருக்கும், ஆக மொத்தம் நான்கு. உங்கள் டாக்டர் மூன்றை மட்டும் சுத்தம் செய்து அடைத்துவிட்டு, நான்காவதைத் தேடாமல் மேலே கேப் மாட்டிவிட்டார். இது உங்களுக்குத் தெரியாத சங்கதியா? பல் வைத்தியமே தொழிலாக நடத்துகிறவர்கள் நீங்கள். ஆக அந்தப் பல்லில் வலிக்கக் காரணம் இருந்தது, அதன் சிகிச்சை பாதியில் நிற்கிறது. முக வலிக்குக் காரணம் தசை, அதை யாரும் தொடவே இல்லை. ஞானப்பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதில் எனக்கு ஆறாத இடம் எது தெரியுமா? உங்கள் தம்பி கிண்டலாகச் சொன்னது பாதி உண்மை. ஊதுவதற்கும் வலிக்கும் தொடர்பு இருந்திருக்கிறது. நான்கு டாக்டர்களுக்குத் தோன்றாதது போனில் கேலி செய்த பையனுக்குத் தோன்றியிருக்கிறது. "அதர்ஸ்" என்று போடாமல் நாதஸ்வரம் என்று ஏற்றியிருந்தால் நான்கு பேரில் ஒருவராவது அதைப் படித்திருக்க மாட்டாரா?

இன்னொன்றும் விசாரித்தேன். இந்தியாவில் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பின் பிரிவுகள் ஒன்பது. அதில் முக வலி என்று ஒரு பிரிவே கிடையாது. வேர் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு, வாய் மருத்துவத்துக்கு உண்டு, தாடை அறுவைக்கு உண்டு. முக வலிக்கு இவர்களில் யாரிடம் போவது என்று நோயாளிக்கு வழி காட்டியிருந்தால் உங்களுக்குக் கோடி புண்ணியம். அதை விட்டுவிட்டு, இல்லாத நிபுணரைப் பேனரில் உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்கு வேர் சிகிச்சை செய்த இருவரில் ஒருவர்கூட அந்தப் பிரிவில் எம்.டி.எஸ். இல்லை, பெயர்ப் பலகையிலேயே பி.டி.எஸ். என்ற இளநிலைப் பட்டம்தான் இருக்கிறது. பி.டி.எஸ். படித்தவர் வேர் சிகிச்சை செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நிபுணர் என்று சொல்லிக் காசு வாங்காதீர்கள் என்கிறேன்.

பணக் கணக்கு: இரண்டு வேர் சிகிச்சை 11,000, இரண்டு கேப் 14,000, ஞானப்பல் 3,500, எக்ஸ்ரே 600, கார்டு 1,999. மொத்தம் 31,099 ரூபாய். இது பில்லில் இருப்பது. பில்லில் இல்லாதது, தை மாதம் நான் விட்ட ஒன்பது முகூர்த்தம். அதில் இரண்டை என் தம்பி செட் போய் வாசித்தது, சரி, ஏழு என்று வையுங்கள். ஒரு கல்யாணத்தில் வாசித்தால் அங்கிருந்து நாலு கல்யாணம் பிடிக்கும். அந்தக் கணக்கில் என் நஷ்டம் பத்து லட்சத்துக்குக் குறையாது. அதையெல்லாம் நான் இப்போது கேட்கவில்லை. கேட்க வைக்காதீர்கள்.

நான் கேட்பது 31,099 ரூபாயும் திரும்ப வேண்டும். பேனரிலிருந்து "முக வலி நிபுணர்" என்ற வார்த்தையை எடுக்க வேண்டும். பாதியில் நிற்கும் கடைவாய்ப் பல்லை நான் அண்ணாமலை நகரிலேயே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டிய என் பழைய எக்ஸ்ரேக்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் முழுசாகத் தர வேண்டும். இதைக் கும்பகோணம் கிளையில் மூன்று முறை கேட்டாயிற்று, "சிஸ்டம் டவுன்" என்கிறார்கள். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், குடும்பம் இருக்கும். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும்.

கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பித்து, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் வழக்குக் கட்டணமும் கிடையாது. எனக்கோ இப்போது வேலையில்லை, நேரம் நிறைய இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம் என்றே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மஞ்சள் கார்டு எண் 4417
தொழில்: நாதஸ்வரம்

பி.கு.: பில்களின் நகல்தான் இணைத்திருக்கிறேன். அசலைக் கேட்காதீர்கள். "ஸ்கேன் பண்ணித் தர்றோம்" என்று உங்கள் கும்பகோணம் கிளை ஒருமுறை வாங்கி 12 நாள் வைத்திருந்தது. திரும்பி வந்தபோது ஒன்றின் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. அந்த வட்டமும் நகலில் விழுந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.