50 மீட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனில் யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை கேட்கும் நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் வேலைத்திறன் மதிப்பீட்டில் சறுக்குவது பெரும்பாலும் அதற்காக நிரப்பும் யூசி50 கேள்விப் படிவத்தில்தான். நடப்பது பற்றிய கேள்விக்கு நம்மவர்கள் 'மெதுவாக நடப்பேன்' என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. நிற்காமல் 50 மீட்டருக்கு மேல் போக முடியாவிட்டால் 15 புள்ளி. 100 மீட்டர் என்றால் 9. 200 என்றால் வெறும் 6. வேலைக்கு இயலாதவர் என்று தேற 15 வேண்டும். மற்றச் செயல்களின் புள்ளியையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஒருமுறை போய்விட்டு அரைமணி மூச்சுவாங்குபவரை 'நடக்கக்கூடியவர்' என்று எழுதக் கூடாது. திரும்பத் திரும்ப முடிகிறதா என்பதும் விதியில் உண்டு. எவ்வளவு தூரத்தில் உட்கார நேர்கிறது, மறுபடி எழ எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். கையால் உருட்டும் சக்கர நாற்காலி உங்களிடம் இல்லாவிட்டாலும், 'பயன்படுத்தலாமே' என்று புள்ளியைக் குறைக்கக்கூடும். அநியாயம்தான்! தோள், மணிக்கட்டு வலியை அங்கேயே குறிப்பிட வேண்டும்.

நோயின் பெயர் மட்டும் உள்ள மருத்துவர் கடிதத்தால் பயன் குறைவு. மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்கலாம். நிராகரித்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரி, மதிப்பீட்டாளர் அறிக்கையின் நகலையும் வாங்க வேண்டும். அதோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அடுத்துள்ள தீர்ப்பாயம் தனி அமைப்பு, கட்டணமும் கிடையாது.

– ஒரு வாசகர், லண்டன்