எங்கள் ஊருக்கும் ஆடி 18 அன்றைக்குத்தான்

காவிரியில் தண்ணீர் திறந்துவிடும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மயிலாடுதுறைக்கும் பூம்புகாருக்கும் நடுவில், ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம், கோப்புகளில் கடைமடை என்று எழுதுவீர்களே, அங்கேதான். கர்நாடகம், ஆணையம், தீர்ப்பு என்று பெரிய பேச்சு எதுவும் இதில் இல்லை, பயப்பட வேண்டாம். ஆடிப்பெருக்கு என்று திருச்சியில் ஜனங்கள் காவிரியில் முங்கிக் குளிக்கிற அதே நாளில் எங்கள் துறையில் ஏன் மணல் கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

என் மூத்த மகளுக்கு ஒரு வைகாசியில் கல்யாணம். கல்யாண மாலைகள் இரண்டையும் பூஜை அறையில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தோம், ஆடி 18 அன்றைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆற்றில் விட வேண்டும் என்று. பத்து நாள் இருக்கும்போதே விசாரித்தேன், தண்ணீர் வருமா என்று. "வந்துகிட்டே இருக்கும்மா" என்றார் உங்கள் அலுவலகத்தில் போனை எடுத்தவர். மூன்று நாள் முன்னால் கேட்டேன், அப்போதும் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் நடு ஆற்றில் ஆடு மேய்கிறது.

என் மாமியார் சளைக்கவில்லை. மணலில் உட்கார்ந்து கையாலேயே ஊற்றுத் தோண்டினார். கலங்கலாகக் கொஞ்சம் ஊறியது. அதன் ஓரத்தில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை, கருகமணி, காப்பரிசி, நாவல்பழம், விளாம்பழம் எல்லாம் படைத்து, எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். பக்கத்துத் தெருவில் அடிபம்புக்கே பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். சரி, சாமி எங்கே இருந்தாலும் சாமிதான். ஆனால் மாலையை அந்த ஊற்றில் விட முடியுமா? திரும்ப எடுத்து வந்து அதே ஆணியில் மாட்டினோம். தண்ணீர் ஆவணியில்தான் வந்தது. அதற்குள் மகள் புகுந்த வீடு போய்விட்டாள், சருகாகிப்போன இரண்டு மாலைகளையும் நான் மட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

ஆடியில் காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்பார்கள் எங்கள் பக்கம். அதனால்தான் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு என்று வாய்க்கு ருசியாகக் கட்டி எடுத்துப் போவது. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளி, தங்கைக்கு அண்ணன் செய்வதுபோல் பட்டுப்புடவையும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீர் கொடுக்கிறார். அந்தப் புடவை மிதந்து மிதந்து எங்கள் ஊருக்கு வரும் என்று சின்ன வயதில் நம்பிக் கரையில் காத்திருந்திருக்கிறேன். இப்போது புடவை வேண்டாம், தண்ணீர் வந்தால் போதும்.

2016, 2017, 2019 இந்த மூன்று வருடமும் பாசனத்துக்கு மேட்டூர் திறந்ததே ஆடிப்பெருக்கு முடிந்த பிறகுதான். அணையில் தண்ணீர் இல்லையென்றால் யாரைக் கேட்பது, அதை விடுங்கள். வறண்ட வருடங்களில் பண்டிகைக்கென்றே தனியாகக் கொஞ்சம் திறந்துவிடுவதும் உண்டு, அதற்கு நன்றி. ஆனால் அது முக்கொம்பு, கல்லணைப் பக்கம் சந்தோஷமாக ஓடும். அதற்குக் கீழே காய்ந்து கிடக்கிற மணல் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும், எங்களுக்கு வர மிச்சம் எங்கே இருக்கும்? 2024-ல் பாசனத்துக்குத் திறந்தது ஜூலை 28, ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வரவே மூன்று நாள் போய்விடும், அதற்குப் பிறகு எங்களுக்கு எத்தனை நாள் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த வருடம் லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த வயிற்றெரிச்சலை எங்கே சொல்வது!

அப்புறம் இந்த முறைப்பாசனம். தண்ணீர் குறைவான வருடங்களில் காவிரிக்குச் சில நாள், கல்லணையில் பிரிகிற வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைக்கிறீர்கள். நியாயம்தான், அங்கேயும் பயிர் இருக்கிறது. அந்த முறை போடும்போது காலண்டரை ஒருதரம் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கல்லணையில் காவிரி மதகை ஆடி 18-க்கு நாலு நாள் முன்னால் திறந்தால் அது திருவையாறு, கும்பகோணம் கணக்கு. மணல் குடிக்கிற நாளையும் சேர்த்து, காவிரியின் கடைசித் தடுப்பான மேலையூர் கதவணைக்கு எப்போது வந்து சேரும் என்று அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போங்கள், அதுதான் எங்கள் கணக்கு. கரை புரள வேண்டாம், கணுக்கால் நனைந்தால் போதும்.

அதுவும் முடியாத வருடம் என்றால், முடியாது என்று ஒரு வாரம் முன்னதாகவே தண்டோரா போட்டுச் சொல்லிவிடுங்கள். வண்டி பிடித்துத் திருச்சிக்காவது போய்க்கொள்வோம். "வந்துகிட்டே இருக்கு" மட்டும் வேண்டாம்.

வருகிற வைகாசியில் என் இளையவளுக்குக் கல்யாணம். அந்தப் பழைய ஆணி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.