ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தமிழகப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாக ஒரு தென்னை. நானும் இதைத்தான் வரைந்தேன், என் மகளும் இதைத்தான் வரைந்தாள். ஒருநாள் சூரியனை விட்டுவிட்டு, மலையை வெறும் கறுப்புக் கோடுகளாக இழுத்து வைத்தாள். "என்னவென்றே புரியவில்லை" என்று சிவப்பு மையில் எழுதி நோட்டு திரும்பி வந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் ஓவியர் ஆதிமூலத்தின் படங்களைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

திருச்சிப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்திகளைப் பார்த்திருப்பீர்கள். காகிதமும் கறுப்பு மையும்தான். கிட்டே போனால் கோழி கிளறிய மண்மாதிரி கோட்டின்மேல் கோடு ஏறிக் கிடக்கும். நாலடி தள்ளி வந்தால் கிழவர் எழுந்து நிற்பார். சிற்றிதழ்களுக்குப் படமும் புத்தகங்களுக்குத் தலைப்பெழுத்தும் போட்டுக் கொடுத்த கை அது. அப்படியொரு புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

அடுத்து ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். பாரிஸ் ஓவியர்களைப் பார்த்து வரையாமலே நவீனமாக வரைய முடியுமா என்று அல்லாடிய தலைமுறை அவருடையது. 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அவருக்கு வழி பிடிபட்டது. ஜாதகக் கட்டம் போலச் சதுரங்கள், கணக்கு நோட்டில் இருப்பது போல எண்கள், வரிவரியாக மலையாள எழுத்து மாதிரி ஏதோ. மலையாளம் அறிந்தவர்களாலும் அதைப் படிக்க முடியாது. படிப்பதற்கென்று அவர் எழுதவும் இல்லை. நம் பாட்டிகள் ஜாதக நோட்டைப் புரியாமலே பக்தியாகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை போதும் அந்தப் படத்துக்கு.

படம் விற்றுப் பிழைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோதே, 1966இல், மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் ஓவியம்.

சென்னையிலிருந்து பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கும் முதலைப் பண்ணைக்கும் பேருந்தில் கூட்டிப் போகிறீர்களே, சோழமண்டலம் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் இறங்குங்கள். எதையும் விளக்க வேண்டாம். இந்தப் படத்தில் எந்தக் கோட்டை ஓவியர் முதலில் போட்டிருப்பார் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு அப்பா