டாக்டர் ரஷ், அந்தக் கணக்கை ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய பெஞ்சமின் ரஷ் அவர்களுக்கு,

1793 செப்டம்பரில், மஞ்சள் காய்ச்சல் பரவிய அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதி இருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள். நீங்கள் போகவில்லை. நீங்களே காய்ச்சலில் விழுந்தும் நோயாளிகளைப் பார்த்தீர்கள். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மாதத் தொடக்கத்தில், புனைபெயரில், பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் விடுத்தீர்கள். மஞ்சள் காய்ச்சல் கறுப்பினத்தவரைத் தொற்றாது, ஆகவே அவர்கள் நோயாளிகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்றீர்கள். உங்களுக்கு ஆதாரம், 1748இல் சார்ல்ஸ்டனில் கண்டதை வைத்து மருத்துவர் ஜான் லைனிங் எழுதிய குறிப்பு. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு இந்தக் காய்ச்சல் மறுபடி வராது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களில் பலர் சிறுவயதிலேயே அதைத் தாண்டி வந்தவர்கள். பிலடெல்பியா பக்கமே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? அந்த ஊரை இதற்கு முன் இந்த நோய் பெரிதாகத் தாக்கியது 1762இல். தோலின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொசுதான் பரப்புகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் அழுகிய காப்பிக்கொட்டையை நீங்கள் சந்தேகித்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. நிறத்தை வைத்து உயிர்களைப் பணயம் வைத்ததைத்தான் சொல்கிறேன்.

உங்கள் அழைப்பை ஏற்றவர்கள் அமைப்பாக இயங்கியவர்கள். 1787இல் கறுப்பினத் தலைவர்களான அப்சலம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தில் மாதம் 1 ஷில்லிங் சந்தா. ஓராண்டு கட்டியவர் நொடித்துப்போனால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்னி உதவி. அவர்கள் கூடிப் பேசி, மேயர் மேத்யூ கிளார்க்சனைப் போய்ப் பார்த்து, வேலையில் இறங்கினார்கள். வைத்தியர்கள் சிலர் இறந்து, மிச்சமிருந்தவர்கள் ஓய்ந்துபோனபோது, ஜோன்ஸுக்கும் ஆலனுக்கும் ரத்தம் எடுக்கத் தெரியும் என்பதால் உங்கள் சிகிச்சையையே அவர்களிடம் ஒப்படைத்தீர்கள்.

அந்தச் சிகிச்சை இதுதான்: 10 கிரெயின் (பழைய எடை அளவு) கேலமல், 15 கிரெயின் ஜாலப் என்ற பேதி வேர் சேர்த்த பொடி, 6 மணி நேரத்துக்கு ஒரு தரம், நாலைந்து முறை நன்றாக வயிறு போகும்வரை. அதன்பின் நாடி இறுகித் துடித்தால் கையிலிருந்து 8 முதல் 10 அவுன்ஸ் ரத்தம். இறுக்கம் தளராவிட்டால் இன்னும். 10 அவுன்ஸ் என்றால் சுமார் 300 மில்லி. இன்று நம் ஊரில் ஆரோக்கியமான ஒருவர் ரத்ததானத்தில் ஒருமுறை கொடுப்பது 350 மில்லி, அதன்பின் பல வாரம் இடைவெளி. உங்கள் நோயாளிக்கோ அடுத்தடுத்த நாளில் மறுபடி கத்தி. கேலமல் பாதரசம் கலந்த உப்பு. கல்லீரல் கெட்டு, ரத்தம் உறையும் தன்மை குறைந்து, வாந்தியில் நீர் வற்றிக் கிடக்கும் உடலிலிருந்து மேலும் நீரையும் ரத்தத்தையும் இறக்கினால் நாடி தளரத்தான் செய்யும். அதைக் குணம் என்று படித்தீர்கள். புஷ் ஹில் மருத்துவமனையில் ஷான் தெவேஸ் இந்த அளவுக்குப் போகாமல் மென்மையான முறையைக் கையாண்டார்.

நீங்கள் சொன்ன முறைப்படி ஜோன்ஸும் ஆலனும் ரத்தம் எடுத்தது 800 பேருக்கு மேல். அதற்குக் கிடைத்தது ஒன்றரை டாலர்கூடத் தேறாது என்று எழுதியிருக்கிறார்கள். பிணம் புதைக்கவும் படுக்கைகளைப் புதைக்கவும் வரவு 233 பவுண்ட் 10 ஷில்லிங் 4 பென்னி (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட்). செலவில் சவப்பெட்டிக்கு 33 பவுண்ட். ஐந்து கூலியாட்களில் மூவர் தலா 70 நாள், இருவர் தலா 63 நாள். ஆளுக்கு நாள் கூலி 22 ஷில்லிங் 6 பென்னி. ஆக 378 பவுண்ட். மொத்தம் 411. கைப்பணம் போனது 177 பவுண்ட் 9 ஷில்லிங் 8 பென்னி. நானும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன், பென்னி பிசகவில்லை.

இந்தக் கணக்கை அவர்கள் ஏன் அச்சில் போட வேண்டிவந்தது? கறுப்பினத் தாதிகள் சிலர் அநியாயக் கூலி வாங்கினார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று நவம்பரில் பதிப்பாளர் மேத்யூ கேரி சிறுநூல் எழுதினார். கூலியைக் குறைக்க மேயரும் ஜோன்ஸையும் ஆலனையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். ஆனால் ஒரு தாதிக்காக நோயாளி வீட்டார் ஒருவரை மிஞ்சி ஒருவர் விலை ஏற்றினார்கள் என்பதே உண்மை. உங்கள் வேண்டுகோளை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 'இவர்களுக்கு நோய் வராது' என்று நம்பிய ஊருக்கு, அவர்கள் வாங்கிய கூலி ஆபத்தே இல்லாத வேலைக்கான கொள்ளையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

சாம்ப்சன் என்ற ஏழைக் கறுப்பினத்தவர் துணையற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், காசு வாங்காமல் உதவினார். நோய் தொற்றி இறந்தார். அவர் உதவிய வீட்டார் அவர் குடும்பத்தை எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பினத்தவர் செத்தபோதெல்லாம் 'இது அந்த நோய் இல்லை' என்றே சொல்லிவந்தார்கள், மறைக்க முடியாமல் போகும்வரை. 1792இல் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 67 பேர், 1793இல் 305.

முதல் சாவு நடந்த அன்றே, அதே பத்திரிகையில், இந்த முறை சொந்தப் பெயரில், 'நான் சொன்னது தவறு, இவர்களுக்கும் வருகிறது' என்று நாலு வரி போட்டிருக்கலாம். சாம்ப்சன் அப்போதும் போயிருக்கக்கூடும். ஆனால் எதற்குள் போகிறோம் என்று தெரிந்து போயிருப்பார்.

மரியாதையுடன்,
உங்கள் ஏடுகளைப் படித்துவரும் ஒருவர்