யாழினிக்கு: கணக்குச் செயலி வாங்கும் முன்

ஈரோடு,
பிப்ரவரி 10

அன்பு மகள் யாழினிக்கு,

நானும் அப்பாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டுத் தனியாக உள்ளலங்காரப் பணி எடுத்துச் செய்யத் தொடங்கி உனக்கு ஏழு மாதங்கள் ஆகின்றன. கொட்டேஷன், பில், பாக்கி வசூல், வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இணையச் செயலியில் கொண்டுவர வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டாய். ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஊரார் கணக்கை எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்: உன் கைக்கு வரும் பணத்தில் எது உன்னுடையது, எது உன் வழியாகக் கடந்து போவது என்பதை முதலில் பிரித்துக்கொள். செயலியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு எளிதாகிவிடும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பில்களைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஏழாம் எண் இரண்டு பில்களில் இருந்தது. பீளமேட்டு வீட்டுக்காரர் கொடுத்த 4,80,000 ரூபாய் முழுவதும் உன் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்திருந்தது. அதில் உன் கட்டணம் 90,000 மட்டுமே. மீதி பிளைவுட், லேமினேட், ஆசாரி கூலி. இதே போல ஐந்து வீடுகள் முடித்தால், நீ உண்மையில் சம்பாதித்தது நான்கரை லட்சமாக இருக்க, வங்கிக் கணக்கு 24 லட்சம் என்று காட்டும். தமிழ்நாட்டில் சேவை செய்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உன் பெயரில் வாங்கி உன் பெயரில் பில் போட்டுக் கொடுத்த பிளைவுட்டை, அது என் பணம் இல்லை என்று பின்னால் வாயால் சொல்லி மெய்ப்பிக்க முடியாது, கண்ணு. ஆகவே கடை பில் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும், பணத்தையும் அவரே கடைக்குச் செலுத்தட்டும். தவிர்க்க முடியாமல் நீ கொடுக்க நேர்ந்தால், அவருக்காக வாங்க அவர் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். உன் பில்லில் அந்தச் செலவு கொடுத்த தொகை அளவில், ஒரு ரூபாய்கூட ஏறாமல், தனி வரியாக நிற்க வேண்டும். கட்டணத்தையும் வாடிக்கையாளருக்காகச் செய்த செலவையும் இப்படித் தனித்தனியே காட்ட வசதியில்லாத செயலி, எவ்வளவு அழகாக இருந்தாலும், உன் தொழிலுக்கு உதவாது.

வருமான வரியில் உனக்கு ஒரு சலுகை இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடிஏ என்று நாங்கள் சொல்லிப் பழகிய ஏற்பாட்டில் உள்ளலங்காரத் தொழிலும் அடங்கும். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் 75 லட்சம் வரை, வந்த கட்டணத்தில் பாதியை வருமானம் என்று காட்டி வரி கட்டலாம், முழுக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. அப்படியிருக்க, பத்து ஊழியர் உள்ள கம்பெனிக்கு வேண்டிய பெரிய கணக்கு மென்பொருளுக்கு மாதாமாதம் ஏன் பணம் கட்ட வேண்டும்? டேலி என்ற கணக்கு மென்பொருளின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, என் சோறே அதில்தான் வந்தது. ஆனால் அது கணக்கர் உட்கார்ந்து எழுதுவதற்கு ஏற்றது, சைட்டில் நின்றுகொண்டு ஃபோனில் பில் போடும் உனக்கு இப்போது தேவையில்லை. நம் சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ இன்வாய்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பில், கொட்டேஷன், நினைவூட்டல் மூன்றும் அதில் உண்டு. ஜிஎஸ்டி பதிவு எடுக்கும் நாள் வந்தால், அதே நிறுவனத்தின் ஜோஹோ புக்ஸ் போன்ற ஒன்றுக்கு மாறுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம். அன்று பில் எண் 16 எழுத்துக்குள், ஓராண்டுக்குள் திரும்ப வராமல், வரிசையாக இருந்தாக வேண்டும். அந்த ஒழுங்கை இன்றே பழகிவிடு.

இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் எடுத்துவிடாதே. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு புகைப்படக்காரர் இரண்டு ஆண்டு பில்களையும் ஃபோனில் ஒரு சிறிய செயலியில் வைத்திருந்தார். ஒருநாள் அது திறக்கவே இல்லை. எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. வங்கிப் பாஸ்புத்தகத்தையும் அவருடைய வாட்ஸப் செய்திகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானும் இன்னொரு பெண்ணும் தரையில் தாள்களைப் பரப்பி மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி எழுதினோம். திருமண மண்டபத்தின் பெயரை வைத்து மணமகன் வீட்டைக் கண்டுபிடித்த பில்களும் அதில் உண்டு. ஆகவே எந்தச் செயலியாக இருந்தாலும், மூன்று பில்களைப் பதிந்து பார்த்த அன்றே, எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடு. முடிந்தால் மாதக் கடைசியில் ஒரு பிரதியை இறக்கி உன் கணினியில் வை.

வாடிக்கையாளர் நிறுவனமாக இருந்தால் அவர்கள் தொழிற்கட்டணத்தில் 10 விழுக்காடு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். பில் 60,000 என்றால் கைக்கு 54,000தான் வரும். மீதி 6,000 பாக்கி இல்லை, உன் பான் எண்ணில் வரவாக வேண்டிய வரி. செயலியில் பிடித்தத்தைத் தனியாகப் பதிய இடம் இருக்க வேண்டும். அதை வருமான வரித் தளத்தில், உன் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும், 26ஏஎஸ் என்று நாங்கள் சொல்லிப் பழகிய படிவத்தோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இணையம் வழியாகவே பில் போடவும் பாக்கி கேட்கவும் ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாய். வேலை பெருகும்போது அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உன் லாகினை அவளிடம் கொடுத்துவிடாதே. அவளுக்கென்று தனி லாகின் உருவாக்கி, பில் தயாரிக்கும் உரிமையை மட்டும் கொடு. வங்கிக் கடவுச்சொல்லும் ஓடிபியும் உன்னைத் தவிர யாருக்கும், எனக்கும்கூட, தெரிய வேண்டாம்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசின் தளத்திலேயே நீயே செய்துகொள். கட்டணம் கிடையாது, வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பாதே. அந்தப் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சாகும்படி வைத்தால், எழுத்து ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் வாங்குபவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் உன் பக்கம் நிற்கும். செயலியின் நினைவூட்டல் முப்பதாம் நாளே போகும்படி அமைத்துவிடு. நேரில் கேட்கக் கூச்சப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியும்; அந்தக் கூச்சத்துக்கு இது நல்ல துணை.

அந்தப் பாதி வருமானக் கணக்கில் உனக்கு முன்வரி, அதாவது ஆண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரி, கட்ட வேண்டிவந்தால், அதை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு வா. ஜூலை முதல் வந்த பணத்தில் எது கட்டணம், எது பிளைவுட் என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துவிடலாம். வரும்போது அந்த இரண்டு ஏழாம் எண் பில்களையும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா