மூன்று பந்தும் நம் பம்புசெட் கிணறும்

அன்புள்ள மாரி,

பித்தப்பையை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். இருமினால் மட்டும் தையல் இடம் சுரீர் என்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். வயிற்றில் ஆபரேஷன் செய்தவனுக்கு எதற்கடா நுரையீரல் பயிற்சி என்று போனில் சிரித்தாயே, அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. அதுதான் இந்தக் கடிதம்.

என்னிடம் கொடுத்தது மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி. முதல் இரண்டு நாள் பலூன் ஊதுவதுபோல் ஊதிக்கொண்டே இருந்தேன், ஒரு பந்தும் அசையவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பெண் பார்த்துவிட்டு, "சார், ஊதக் கூடாது, உறிஞ்சணும்" என்றாள். இளநீர் குடிப்பதுபோல் இழுத்தேன், எழுந்தது. வினாடிக்கு 600 மில்லி வேகத்தில் இழுத்தால் ஒரு பந்து, 900க்கு இரண்டு, 1,200க்கு மூன்று. எனக்கு நேற்றுவரை இரண்டுதான்.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாதாம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசையான உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் மேலே எழும்பி மார்புக்கூட்டில் இடம் கூடினால்தான் காற்று உள்ளே வரும். வயிற்றில் தையல் இருப்பவன் வலிக்குப் பயந்து உதரவிதானத்தை அசைக்கவே மாட்டான், மேலோட்டமாக மூச்சு வாங்குவான். அதில் என்ன நஷ்டம் என்கிறாயா? கணக்குப் பார். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 500 மில்லி, அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று வழியிலேயே நின்றுவிடும். நிமிஷத்துக்கு 12 மூச்சு என்றால் 6 லிட்டரில் 4.2 லிட்டர் போய்ச் சேரும். அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சாக இழுத்தால் சேர்வது 2.4 லிட்டர்தான்! பஸ்ஸுக்கே காசு தீர்ந்துபோய் கடை வாசலில் நிற்கிற கதை.

போய்ச் சேர்கிற இடம் காற்று நுண்ணறைகள், நுரையீரலுக்குள் இருக்கிற குட்டிக் குட்டிப் பைகள். கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பக்கம் ரத்தம் முக்கால் வினாடியில் கடந்து போய்விடுகிறது, அதற்குள் ஆக்சிஜன் ஏறி, கரியமில வாயு இறங்கிவிடுகிறது. ஆழமாக இழுக்காமலே கிடந்தால் அடிப்பக்க அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சளி கட்டும், சில பேருக்கு நிமோனியாவில் போய் முடியும். அவற்றைத் திறந்து வைக்கத்தான் நாம் அறியாமலே சில நிமிஷத்துக்கு ஒரு பெருமூச்சு விடுகிறோமாம். பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று என் பாட்டி எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்.

சரி, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நம் கிணறு ஞாபகம் வந்தது. யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் வைப்போமே, நீ குதிப்பதற்கு முன்னால் இருபது முப்பது தடவை புஸ்புஸ்ஸென்று மூச்சு இழுத்து விடுவாய், எப்போதும் நீதான் ஜெயிப்பாய். ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அது இல்லையாம். ரத்தத்தில் சாதாரணமாகவே ஆக்சிஜன் நிறைந்துதான் இருக்கிறது, அதற்கு மேல் பெரிதாக ஏறாது. நீ வெளியேற்றியது கரியமில வாயுவை. மூச்சு முட்டுகிறது, மேலே வா என்று மூளையை நெருக்குவது பெரும்பாலும் அதுதான், ஆக்சிஜன் குறைவது இல்லை. அதை முன்கூட்டியே துரத்திவிட்டால் முட்டல் தாமதமாகத்தான் வரும், அதற்குள் ஆக்சிஜன் இறங்கித் தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடலாம். முட்டலே தெரியாமல். நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள்.

பேரன் லீவுக்கு வந்து அதே கிணற்றில் குதிக்கிறான் என்றாயே, நீ அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். இன்றைக்கே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல். தாத்தா அப்படித்தானே ஜெயித்தார் என்று கேட்டால் போனை என்னிடம் கொடு.

தையல் ஆறியதும் வருகிறேன். மூன்றாவது பந்து எழுந்தால் போன் பண்ணுகிறேன்.

உன்,
சேகர்