நாலு விரல் ஏற்றினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பள்ளி விட்டு மாணவிகள் வரிசையாகச் சைக்கிளில் வருகிற படம் ஒன்று போட்டிருந்தீர்கள். நல்ல படம். சாயங்கால வெயில், பின்னால் புளியமரம், சிரித்த முகங்கள். என் மனைவி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். நான் முழங்காலைப் பார்த்தேன். தொழில் புத்தி, விடாது. படத்தில் முழுசாகத் தெரிந்தவை 11 சைக்கிள்கள். அவற்றில் 9 சைக்கிள்களில் சீட்டு அடியோடு இறங்கிக் கிடக்கிறது. பெடல் மேலே வரும்போது முழங்கால் ஹேண்டில் பாரை இடிக்கிற மாதிரி எழும்பி நிற்கிறது.

நான் ஆலங்குடியில் 1979 முதல் 37 வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயிலிங், எல்லாம் உண்டு. இப்போது கடை இல்லை. திண்ணையில் ஒரு தகரப் பெட்டியில் சாமான்கள் இருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

சீட்டை ஏன் இறக்கி வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பயம். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று பிள்ளையும் நினைக்கிறது, பெற்றவர்களும் நினைக்கிறார்கள். கற்றுக்கொள்கிற முதல் பத்து நாளைக்கு அது சரிதான். அதற்கப்புறமும் அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு. ஒரு மணையில் உட்கார்ந்து பத்து தடவை எழுந்து பாருங்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பத்து தடவை எழுந்து பாருங்கள். எதில் முழங்கால் கெஞ்சுகிறது? இறங்கிய சீட்டில் சைக்கிள் மிதிப்பது மணையிலிருந்து எழுகிற வேலை. சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். பள்ளி 6 கிலோமீட்டர் என்றால் போவதற்கு 1,200 சுற்று, வருவதற்கு 1,200 சுற்று. ஒரு நாளைக்கு ஒவ்வொரு முழங்காலும் 2,400 தடவை மடங்கி நிமிர்கிறது. பதினாறு வயதுப் பெண் "முட்டி வலிக்குது, நான் பஸ்ஸிலேயே போறேன்" என்று சொன்னால் அவளுக்குச் சத்து போதவில்லை என்று கீரை வாங்கிக் கொடுக்கிறார்கள். கீரை நல்லதுதான். முதலில் ஸ்பேனரை எடுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது? அதற்கு அளவுகோல் தேவையில்லை, குதிகால் போதும். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் சீட்டில் நேராக உட்கார்ந்து, ஒரு பக்கத்துப் பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது இடுப்பு ஒரு பக்கம் சாயாமல், கால் முழுதாக நீட்டி நிற்க வேண்டும். அதுதான் உங்கள் சீட்டு உயரம். ஓட்டும்போது குதிகாலால் மிதிக்க மாட்டோம். விரல்களுக்குப் பின்னால் இருக்கிற அகன்ற பகுதிதான் பெடல் அச்சுக்கு மேலே வர வேண்டும். அப்படி வைத்ததும் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கிக்கொள்ளும். நம் ஊரில் பாதிப் பேர் நடுப்பாதத்தால் மிதிக்கிறார்கள், செருப்பு வழுக்குகிறது என்று. இன்னொன்று, செருப்பு போட்டு ஓட்டுபவர் செருப்போடு அளவு பாருங்கள். ஹவாய் செருப்பின் கனமே அரை இன்ச் வரும். நான் பார்த்தவரை இறங்கிக் கிடக்கிற சீட்டுகளில் முக்கால்வாசி நாலு விரல் ஏற்றினால் சரியாகிவிடும்.

அப்படி ஏற்றினால் சீட்டில் இருந்தபடி கால்விரல் நுனிதான் தரையைத் தொடும். பயப்பட வேண்டாம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்காமல் சீட்டை மட்டும் ஏற்றினால் பிள்ளை விழும். மறுநாளே சீட்டு பழையபடி இறங்கிவிடும். லேடீஸ் சைக்கிளில் நழுவி இறங்குவது சுலபம், குறுக்கே பார் இல்லை. பார் வைத்த சைக்கிளில் இறங்கி நிற்க இடம் வேண்டும். அங்கேதான் பிரேம் அளவு என்ற விஷயம் வருகிறது.

கடைக்குப் போய் "26 இன்ச் சைக்கிள் கொடுங்க" என்று கேட்கிறோம். அது சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது பிரேம். இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுற்றுகிற நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டுக் குழாயின் மேல்நுனி வரைக்கும் அளந்தால் வருவதுதான் பிரேம் அளவு. பழைய கறுப்புச் சைக்கிள் 22, 24 என்று இரண்டு அளவில் வந்தது. இரண்டுக்கும் சக்கரம் 28தான். ஒரே சக்கரம் போட்ட இரண்டு சைக்கிள்களில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும், ஒன்று பொருந்தாது.

கால் அளவைப் பார்க்கச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் சீட்டு அழுத்துகிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் படுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள அளவை 0.67ஆல் பெருக்கினால், மேல்பார் தரைக்குச் சமமாக ஓடுகிற சைக்கிளுக்கு வேண்டிய பிரேம் அளவு ஏறக்குறைய கிடைக்கும். 30 இன்ச் கால் என்றால் 20 இன்ச் பிரேம். மலைப்பாதை சைக்கிள் மாதிரி பார் சரிந்து இறங்குகிறவற்றில் இதைவிட மூன்று நாலு இன்ச் குறைவாகப் பார்க்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்பவர்கள் பாருக்கு மேலே இரண்டு பக்கமும் காலைப் போட்டு, பாதம் முழுதும் தரையில் பதிய நின்று பாருங்கள். சாதா சைக்கிளில் உடம்புக்கும் பாருக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும், மேடு பள்ளத்தில் ஓட்டுகிற கியர் சைக்கிளில் நாலு விரல்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. 24 இன்ச் பிரேமுக்குக் கால் மட்டும் 36 இன்ச் வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆளுக்கான வண்டி அது. ஐந்தரை அடி ஆட்கள் அதில் இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க மிதித்தார்கள். அதைச் சைக்கிள் ஓட்டுகிற தோரணை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. 1991, 92இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் பெண்கள் கற்க வேண்டும் என்று ஒரு வேகம் பிறந்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அந்த மாதங்களில் என் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வண்டி மிஞ்சாது. களையெடுத்துவிட்டு வந்த கையோடு வருவார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, இருந்ததெல்லாம் 22 இன்ச் பார் வண்டி. பார் தரையிலிருந்து ஏறக்குறைய 33 இன்ச் உயரத்தில் இருக்கும். வந்தவர்களில் பலர் ஐந்தடிக்கும் குறைவு. சீட்டை அடிவரை இறக்கினாலும் கால் எட்டாது. ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டே நாலு இன்ச் உயரத்தைத் தின்றுவிடும். நான் சில வண்டிகளில் அதைக் கழற்றி மெல்லிய சீட்டு மாட்டினேன். அதுவும் போதாதவர்களுக்குப் பெடலின் இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஒருவர் கற்றுக்கொண்ட பின் சொந்தமாக வாங்கும்போதும் பார் வண்டியே வேண்டும் என்றார். பிள்ளையைப் பாரில் உட்காரவைக்கலாமாம். பொருந்தாத வண்டியைக்கூட வசப்படுத்தியவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களுடைய பேத்திகளுக்கு வழி இருக்கிறது. சீட்டுக் குழாயில் ஒரே ஒரு போல்ட்.

அளவு பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. வாடகைக் கடையில் கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்றுதான் வைத்திருப்போம். கடைக்கு வருகிற பையனை மேலிருந்து கீழ்வரை பார்த்தே எது என்று தள்ளிவிடுவேன். மணிக்கு 50 காசு. பெரிய வண்டிக்கு ஆசைப்பட்டவன் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவான். வளர வளர வண்டி மாறும். வாடகைக் கடைகள் போனபிறகு, பெற்றோர் ஒரே தடவையில் வாங்கி முடிக்கப் பார்க்கிறார்கள். யூனிபார்ம் தைக்கும்போது "வளர்ற பிள்ளை, ரெண்டு இன்ச் கூட வைங்க" என்போமே, அதே புத்தி. சட்டை பெரிதாக இருந்தால் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். சைக்கிள் பெரிதாக இருந்தால் பல் போகும்.

என் தங்கை பேரனுக்கு நடந்தது. பன்னிரண்டு வயது, நாலே முக்கால் அடி. நகரத்தில் ஒரு பெரிய கடையில் 29 இன்ச் சக்கரம் வைத்த கியர் சைக்கிளைத் தலையில் கட்டிவிட்டார்கள். "அடுத்த வருஷம் சரியாயிடும் சார்" என்றாராம் விற்றவர். மூன்றாவது வாரம் தெருமுனையில் நாய் குறுக்கே வர, பிரேக் பிடித்து இறங்கியவனுக்குத் தரை எட்டவில்லை. எங்கே அடிபட்டது என்று எழுத வேண்டியதில்லை. இப்போது அந்தச் சைக்கிளில் துணி காயப்போடுகிறார்கள்.

சீட்டையும் பிரேமையும் சொன்னால் ஹேண்டிலையும் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் கைப்பிடி நம்மை நோக்கி வளைந்து வரும். முதுகு நிமிர்ந்து உட்காரலாம். பாரம் முழுக்கச் சீட்டில் இறங்குவதால்தான் அதற்கு அகலமான ஸ்பிரிங் சீட்டு. இப்போதைய நேர்க்கம்பி ஹேண்டிலில் உடம்பு முன்னால் சாய்கிறது, பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலோ ஹேண்டில் ரொம்பத் தள்ளி இருந்தாலோ உள்ளங்கை மரத்துப்போகும், சுண்டுவிரல் பக்கம் ஊசி குத்தும். பலகை வைத்தமாதிரி சீட்டைச் சமமாக வையுங்கள். முழங்காலுக்கு முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு. பின்புறம் இழுத்தால் உயரம் அதிகம். சாதா வண்டியில் ஹேண்டிலை ஏற்ற நடுவில் இருக்கிற நீள போல்ட்டைக் கழற்றிவிடக் கூடாது. இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, கட்டை வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற பிடி விடும்.

ஒரு எச்சரிக்கை. சீட்டுக் கம்பியிலும் ஹேண்டில் தண்டிலும் இதற்கு மேல் ஏற்றாதே என்று கோடு போட்டிருக்கும். கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத பழைய கம்பி என்றால் மூன்று இன்ச்சாவது குழாய்க்குள் இருக்கட்டும். அந்த உயரமும் போதவில்லை என்றால் அந்த சைக்கிள் உங்களுக்குச் சிறிது, வேறு வாங்குங்கள்.

விலக்கும் உண்டு. பால் கேன் கட்டுபவர், தண்ணீர்க் குடம் கொண்டுபோகிறவர், பின்னால் ஆளை ஏற்றுகிறவர், இவர்கள் சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துக்கொள்ளட்டும். பாரத்தோடு சாயும்போது கால் உடனே ஊன்ற வேண்டும்.

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அதைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை, என் கடையில் அந்த வண்டிகள் ஏராளம் வந்திருக்கின்றன, அவற்றை நம்பித்தான் பல வீட்டுப் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். நான் கேட்பது ஒரு அரை நாள். சைக்கிள் கொடுக்கிற நாளிலோ அடுத்த நாளிலோ ஊர் மெக்கானிக் இரண்டு பேரைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போன வருடம் இங்கே ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர் அம்மா அனுமதித்ததில் நானும் ஒரு பையனுமாக 64 வண்டிகளுக்கு இரண்டு மணி நேரத்தில் செய்து முடித்தோம். அதில் ஒரு பெண் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "தாத்தா, வேற சைக்கிளா மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் இணைப்பில் குதிகால் அளவை ஒரு படமாகப் போடுங்கள். ஒரு பத்தியில் கால்வாசி இடம் போதும். ஆலங்குடி பக்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் திண்ணைக்கே வரலாம், காசு வேண்டாம். தினமும் பள்ளிக்குப் போட்டுப் போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் சைக்கிள் கடைக்காரர்,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்